பள்ளத்துப் பக்கம் நின்றவர்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். தென்காசி நிலையத்தில் ரயில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கால்கள். முழங்கால் வரை சேறு அப்பிக் காய்ந்திருந்தது. அதற்கு மேல் மடித்துக் கட்டிய, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. வேட்டியில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

கால்களுக்கு உரியவர் வாடகைக் கார் ஓட்டுநர் சுடலைமுத்து. ஐம்பது வயது இருக்கும். வெளியே நின்ற ஆறு கார்களில் கடைசியாக நின்றது அவருடையது. என்னோடு வந்த தல்பீர் அதைத்தான் கைகாட்டினார். முன்னால் நிற்கும் கார் யாரோ சொல்லி வைத்து அனுப்பியதாக இருக்கலாம் என்று சந்தேகிப்பது அவருடைய தொழில் பழக்கம்.

தல்பீர் எல்லையில் காவல் நிற்கும் படையில் துணைக் கமாண்டன்ட். அரியானாவில் ஒரு விவசாயியின் மகன். நான் தில்லியில் ஒரு நாளிதழில் முப்பது ஆண்டு வெளியுறவுச் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன். இப்போது அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலிருந்து இந்திக்கு மொழிபெயர்க்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நாங்கள் போக வேண்டிய வீட்டில் இந்தி தெரியாது. மூன்று நாள் வேலை என்று என்னை அழைத்து வந்திருந்தார். விசாரணை முடிந்து உத்தரவும் வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த காரியம் இது. சென்ற ஆண்டு மலைப்பகுதியில் தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரக ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டன, எல்லை வாசல்களை மூடிக்கொண்டன. அந்தச் சூடு தணியாத நாட்களில், பஞ்சாப் எல்லையில் காவல் நின்ற குத்தாலிங்கம் என்ற ஜவான் பாகிஸ்தான் பக்கம் போய்ப் பிடிபட்டார். தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சிக்காரர். நம் முள்வேலி எல்லைக்கோட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வேலிக்கு அப்பாலும் நம் விவசாயிகளின் வயல் உண்டு. அவர்கள் உழவும் நடவும் போகும்போது காவலுக்கு ஜவான்களும் போவார்கள். அங்கே எல்லை என்பது ஒரு வரப்புதான், இடையிடையே வெள்ளைத் தூண்கள். முப்பது ஆண்டில் எல்லை என்ற சொல்லை வாரத்துக்கு நான்கு முறையாவது எழுதியிருப்பேன். அது ஒரு வரப்பு என்று ஒரு முறையும் எழுதியதில்லை.

பத்தொன்பது நாள் கழித்துக் குத்தாலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளும் அங்குள்ள தொலைக்காட்சிகள் அவரை ஒற்றன் என்றன. வந்த பிறகு இங்குள்ள தொலைக்காட்சிகள், ஆள் தானாகவே போயிருக்கலாமோ என்று கேட்டன. அவர் சொன்ன விளக்கம் ஒரே வரி. நம் விவசாயியின் வரப்பு உடைந்து தண்ணீர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அடைக்கப் போனேன்.

இதை யாரும் நம்பவில்லை. விசாரணை முடியும் வரை அவரைப் பணியிலிருந்து நிறுத்திப் பஞ்சாப் முகாமிலேயே வைத்திருந்தார்கள். அந்த வயலுக்காரரை விசாரித்தபோது தன் வரப்பு உடையவே இல்லை என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்து வரப்பை அடைக்கப் போனவர் எதற்காக எல்லைக்கோட்டைத் தாண்டி ஐந்து தப்படி அந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்விக்கும் கோப்பில் பதில் இல்லை. விசாரணை அதிகாரி தல்பீரே நம்பவில்லை. ரயிலில் காரணம் சொன்னார். அவர் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை. "எங்கள் பக்கம் அடுத்தவன் வரப்பில் கை வைக்கிறவன் தண்ணீர் திருட வந்தவன். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. தடி எடுத்துவிடுவார்கள்" என்றார். ஜவானின் பின்னணியைச் சொந்த ஊரில் சரிபார்த்து அறிக்கை கொடுத்தால் கோப்பு முடியும். நம்பவில்லை என்று எழுதினால் குத்தாலிங்கத்துக்கு வேலை போகும். எதிரி பக்கம் போனவன் என்ற பெயர் மட்டும் கூடவே இருக்கும்.

நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். தல்பீர் சாம்பாரைத் தனியாகக் குடித்துவிட்டு, பிறகு இட்லியைத் தனியாகத் தின்றார். பரிமாறியவர் கவலையோடு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் குடித்தார்.

இலஞ்சியில் அந்தத் தெருவில் பதினொரு வீடுகள். ஏழு வீட்டு வாசலில் பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே படையின் பெயர் இருந்தது. குத்தாலிங்கத்தின் வீட்டுச் சுவரில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். பலகையைக் கழற்றியது அவர் மனைவி செண்பகம்தான். சென்ற ஆண்டு சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியபோது, படையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போடும் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் அவருக்குப் போடவில்லை. வீட்டுக்கு வந்து பலகையைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டார். யாரும் கழற்றச் சொல்வதற்கு முன் கழற்றிவிடுவது நல்லது என்றார்.

தல்பீரிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. வெளிநாட்டு அழைப்புகள், புதிய நண்பர்கள், கைப்பேசியில் வந்த அறியாத பெண்களின் படங்கள். செண்பகம் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். முப்பத்தொன்றாவது கேள்வியை நான் படித்துக் காட்டினேன். எதிரி நாட்டை ஒட்டிய இடத்தில், பணி அல்லாத ஒரு வரப்பை அடைக்க வேண்டிய அவசியம் என்ன?

"உடைஞ்சா அடைக்கணும்லா சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் பஞ்சாபிலிருந்து வந்திருக்கிறாரா என்பது போல தல்பீரைப் பார்த்தார்.

நான் மொழிபெயர்த்தேன். தல்பீர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது, கணவர் திரும்பி வந்ததற்குக் கோயிலில் ஏதும் செய்தீர்களா என்று கேட்டேன். அது கேள்விப் பட்டியலில் இல்லை. ஆய்க்குடி முருகனுக்குப் படிப்பாயசம் நேர்ந்திருப்பதாகச் சொன்னார். இன்னும் செய்யவில்லை.

"அவிய வந்துட்டாவ. அவிய பேரு இன்னும் வரல. பேரும் வரட்டும், பொறவு பாயசம் ஊத்துதேன்."

காரில் சுடலைமுத்து விளக்கினார். நினைத்தது நடந்தால் ஆய்க்குடியில் ஆற்றுப் படித்துறையைக் கழுவி, படியிலேயே பாயசத்தை ஊற்றுவார்கள். குழந்தைகள் உட்கார்ந்து கல்லிலிருந்தே வழித்துச் சாப்பிடுவார்கள். தல்பீருக்கு இதை மொழிபெயர்க்க நேரமானது. தட்டு கிடையாதா என்று இரண்டு முறை கேட்டார்.

மாலையில் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போனோம். பேரருவியில் வெள்ளம் அதிகம் என்று கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் புறப்பட்ட நாளில் தில்லியில் என் தெருவில் தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு வரிசை நின்றது. இங்கே தலையில் தண்ணீர் விழுவதற்கு வரிசை. தல்பீர் கால்சட்டையோடு போய் நின்று, போலீஸ்காரர் விசில் ஊதியும் வெளியே வரவில்லை. செங்கோட்டைச் சாலையில் ஒரு கடைப்பலகையில் பரோட்டா படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். பார்டர் பரோட்டா என்றேன். எந்த பார்டர் என்றார். கேரளா என்றேன். ஆறு தின்றார். காவல் யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். அந்தப் பயணத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது.

இரண்டாம் நாள் முழுக்கச் சாரல். கிராம அலுவலகத்தில் ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம். குத்தாலிங்கம் மீது எங்கும் ஒரு புகாரும் இல்லை, அவருடைய ஐந்து தப்படிக்கு விளக்கமும் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் மிக மரியாதையாகப் பேசினார். உத்தரவு எப்படி வருகிறதோ அப்படி நடந்துகொள்வோம் என்றார்.

சுடலைமுத்துவின் காரில் இடது பக்கத்து வைப்பர் மட்டும்தான் வேலை செய்தது. அதனால் அவர் உடம்பை இடப்பக்கம் சாய்த்து, என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்து ஓட்டினார். பின்னால் இருந்த தல்பீர், இவர் எதைப் பார்த்து ஓட்டுகிறார் என்று கேட்கச் சொன்னார். "ரோடு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எதுத்தாப்ல வாரவன மட்டும் பாத்தாப் போதும்" என்றார் சுடலைமுத்து. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இலஞ்சியைத் தாண்டி, இரு பக்கமும் கார் பருவத்து நெல் நடவு முடிந்த வயல்கள். வண்டி திடீரென்று நின்றது. "ஒரு நிமிசம் சார்." செருப்பைக் காருக்குள்ளேயே விட்டு, வேட்டியை மேலே ஏற்றிக் கட்டி, சாரலில் இறங்கிப் போனார். வயிற்று உபாதை என்று நினைத்தோம்.

சாலையிலிருந்து முப்பதடியில் ஒரு வரப்பு. அதில் ஒரு முழ அகலத்துக்கு உடைப்பு. மேல் வயலின் தண்ணீர் அடுத்திருந்த பள்ளமான வயலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து வரப்பைத் தாண்டி அந்தப் பள்ளத்தில் குதித்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். வந்து வைத்தார், மறுபடி போனார், அள்ளினார், வந்து வைத்தார். குதிகாலால் மிதித்து இறுக்கினார். நான்கு நிமிடம். வந்து கையை மட்டும் கழுவிவிட்டு வண்டியை எடுத்தார். முழங்கால் வரை சேறு. முதல் நாள் காலையில் பார்த்த அதே கால்கள்.

தல்பீர் முன்னால் சாய்ந்தார். யாருடைய வயல் என்று கேட்கச் சொன்னார்.

"தெரியலயே சார்."

பிறகு ஏன் அடைத்தார்?

"உடைப்புல்லா. பாத்துட்டுப் போனா தண்ணி ஓடைக்குப் போயிரும். ஒருத்தன் வயலுல போனா கொளத்துத் தண்ணி எல்லாத்துக்கும்லா போச்சி. கண்டவன் அடைக்கணும்."

தல்பீர் அடுத்த கேள்வியை இந்தியில் மிக மெதுவாகச் சொன்னார். நான் ஒரு சொல்கூட விடக் கூடாது என்பதற்காக. உடைந்தது மேல் வயலின் வரப்பு. இவர் ஏன் கீழ் வயலில் போய் நின்றார்?

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "மேல நின்னு மண்ண எடுத்தா நட்ட பயிரு வேரோட வந்துரும். அங்கன குழி விழுந்து திரும்பவும் ஒடையும். பள்ளத்துல நின்னுதான் அள்ளணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் சார்."

கீழ் வயல் உங்கள் எதிரியுடையதாக இருந்தால்?

"எதிராளி வயலுன்னாலும் அங்கன நின்னுதான் அள்ளணும். மண்ணு அங்கனல்லா கெடக்கு."

தென்காசியில் இறங்கிய பிறகு தல்பீர் என்னைத் தனியே அழைத்து, நாம் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று இந்த ஓட்டுநருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். முதல் நாள் மதியமே இலஞ்சி முழுவதற்கும் தெரியும். அப்படியானால் இது நாடகமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். முப்பது ஆண்டுப் பத்திரிகைப் பழக்கம்.

மூன்றாம் நாள் காலை யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறினோம். ஆய்க்குடிப் பாதையில், எனக்கும் பெயர் தெரியாத ஒரு நிறுத்தத்தில் தல்பீர் மணியடிக்கச் சொன்னார். அரை மைல் நடந்தோம். சாலையை ஒட்டிய ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் பார்த்து, ஷூவின் குதிகாலால் வரப்பில் ஒரு சாண் உடைத்தார். தண்ணீர் கீழ் வயலுக்குள் இறங்கியது. ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மணி ஒன்பது பன்னிரண்டு. யாரோ ஒருவர் வயல் என்பது எனக்கு உறுத்தியது. தல்பீர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் இளைஞர் ஸ்கூட்டரில் வந்தார். பார்த்தார், போய்விட்டார். தல்பீர் குறித்துக்கொண்டார். ஒரு பள்ளி வேன் போனது. அதையும் குறித்துக்கொண்டார். உடைப்பு இரண்டு சாண் ஆகியிருந்தது.

ஒன்பது இருபத்தொன்றுக்குத் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உடைப்பைப் பார்த்தார். கட்டைச் சாலையோரம் போட்டார். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டி மண் அள்ளினார். அடைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் மரத்தடியில் நாங்கள் நிற்பதைக் கவனித்தார்.

"ஏ அய்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? தண்ணி போவுது, ரெண்டு ஆம்பிளைய வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கீரு. குளிக்க வந்தா குத்தாலத்துல குளிச்சிட்டுப் போவும். வரப்புல என்ன சோலி?"

யாருடைய வயல் என்று கேட்டேன்.

"எவன் வயலா இருந்தா என்ன?"

பெயர் கேட்டேன்.

"பேரு எதுக்கு, ரேசன் கார்டா போட்டுத் தரப்போறீரு? வாயப் பாக்காம இந்தக் கட்டத் தூக்கி வையும்."

தல்பீர் என்னைப் பார்த்தார். பிடறியில் இருக்கும் கண்ணையும் விடாமல் முழுவதையும் மொழிபெயர்த்தேன். துணைக் கமாண்டன்ட் குனிந்து புல்லுக்கட்டைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார். நேராக இல்லை என்று அதற்கும் திட்டு வாங்கினார். அந்தப் பெண் போன பிறகு, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

ஒரு சாட்சி போதாது என்று இன்னும் ஒரு மைல் நடந்து அதே காரியத்தை மறுபடி செய்தார். இந்த முறை நாற்பது நிமிடமாகியும் யாரும் வரவில்லை. உடைப்பு அகன்றுகொண்டே போனது. தல்பீர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். அரியானா விவசாயியின் மகன். நாற்பத்தோராம் நிமிடம் ஷூவோடு இறங்கினார்.

முதலில் மேல் வயலில் நின்று கையை விட்டார். நான்கு நாற்று வேரோடு வந்தது. அவசரமாகத் திரும்ப ஊன்றிவிட்டு வரப்பைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போனார். உடைப்பை ஒட்டிய மண் சகதியாக இருந்தது, கையில் நிற்கவில்லை. பின்னால் போய்க் கெட்டி மண் இருந்த இடத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். ஏழெட்டு நடை. முடித்து எழுந்தவர் அப்படியே நின்று கீழே பார்த்தார். சேற்றில் அவருடைய காலடித் தடங்கள். வரப்பிலிருந்து எண்ணினார். சத்தமாக எண்ணவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என்னையும் எண்ணச் சொன்னார். ஐந்து.

சாலையோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். சாரல் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து, தான் அடைத்த இடம் எது என்று கேட்டார். நான் ஓர் இடத்தைக் காட்டினேன், அவர் வேறு இடத்தைக் காட்டினார். இறங்கிப் போய்ப் பார்த்தும் இருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"அந்தப் பஞ்சாப் வயலுக்காரர் பொய் சொல்லவில்லை" என்றார் இந்தியில். "அவர் வந்து பார்த்தபோது வரப்பு முழுதாக இருந்திருக்கிறது."

அங்கேயே மடியில் கோப்பை விரித்து முப்பத்தொன்றாவது கேள்விக்கு நேராக எழுத ஆரம்பித்தார். செண்பகம் முதல் நாள் சொன்னதை மறுபடி ஒருமுறை என்னைச் சொல்லச் சொன்னார். உடைந்தால் அடைக்க வேண்டும் அல்லவா என்று மொழிபெயர்த்தேன். அதை மேற்கோள் குறிக்குள் எழுதினார். நாற்று சாய்ந்த வயலுக்காரரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் யார் என்றே தெரியாது.

ஐந்து வாரம் கழித்து தில்லியில் என் கைப்பேசி அடித்தது. செண்பகம். "சார், பேரு வந்துட்டு" என்றார். உத்தரவின் நகலைப் பிறகு பார்த்தேன். குற்றம் இல்லை, பணிக்காலத்தில் தொடர்ச்சி உண்டு, உடனடியாகப் பணியில் சேர்க்க வேண்டும்.

இந்த முறை என் சொந்தச் செலவில் தென்காசி போனேன். சுடலைமுத்து நிலையத்தில் நின்றார். காரில் இரண்டு வைப்பரும் புதிது. கேட்பதற்கு முன்பே போட்டுக் காட்டினார்.

ஆய்க்குடிப் படித்துறையைக் காலையிலேயே தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். இலஞ்சித் தெருவின் பதினொரு வீடும் வந்திருந்தது. பாயசப் பாத்திரத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு காதைப் பிடித்திருந்தவர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர். செண்பகம் முதல் கரண்டியைக் கல்லில் ஊற்றினார். பாசிப்பருப்பும் வெல்லமும் ஆவியோடு படியில் பரவின. பெரிய படிக்கு இரண்டு பக்கமும் குழந்தைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் எல்லைக்குள் கையை விட்டு வழித்துத் தின்றார்கள். ஒரு குழந்தை, "ஏட்டி, இது எம் பக்கம்" என்று கத்தியது. யாரும் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினார்கள்.

குத்தாலிங்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குட்டையான, உறுதியான மனிதர். பிடிபட்ட நாட்களில் என்ன கேட்டார்கள் என்றேன். காவல் சாவடி எத்தனை, சாவடிக்கு ஆள் எத்தனை என்று தினமும் கேட்டார்களாம்.

"எங்க ஊருல அருவி எத்தனைன்னு சொன்னேன் சார். ஒண்ணொண்ணா பேரு சொன்னேன். பழைய குத்தாலத்தோட சேத்து. மறுநாளும் கேப்பாவ, மறுநாளும் அதையேதான் சொன்னேன்."

எல்லைத் தூண் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

"தூணு பின்னால நின்னுது. உடைப்பு முன்னால இருந்துச்சி."

தெருவுக்குத் திரும்பியபோது வீட்டுச் சுவரில் அந்த இரண்டு துளையிலும் ஆணி இருந்தது, பலகை மாட்டியிருந்தது. செண்பகம் அதைத் துடைத்த ஈரம் காயவில்லை. அதைப் படம் எடுத்து, பாயசப் படியின் படத்தோடு தல்பீருக்கு அனுப்பினேன். தட்டு உண்டா என்று பதில் வந்தது.

விடுப்பு முடிந்து குத்தாலிங்கம் பஞ்சாப் போய்ச் சேர்ந்தார். காலை ஆறு மணிக் காவலுக்கு அவருக்கு ஒதுக்கிய இடம், முன்பு நின்ற அதே தூண்.